13.5 டாக் டூவே போர்த்தியும் விடியற்காலையில் குளிர்கிறது: உதவி தேவை

கேள்வி:
வணக்கம். மதுரையிலிருந்து வந்து இங்கிலாந்தின் லெஸ்டரில் எங்களோடு தங்கியிருக்கும் என் அம்மாவுக்காக, கடையில் இருந்தவற்றுள் மிகப் பெரிய எண்ணான 13.5 டாக் டூவேயை, அதாவது பஞ்சு அடைத்த போர்வையை, வாங்கினேன். அறை இரவில் 16 பாகை செல்சியஸில் இருக்கிறது. ஆயினும் மூன்று மணிக்கெல்லாம் முதுகு சில்லிட்டு விழித்துக்கொள்கிறார். ஊரிலிருந்து கொண்டுவந்த கனத்த கம்பளியைச் சேர்த்துப் போர்த்தியும் பயனில்லை. அந்த எண்ணை நான் தவறாகப் புரிந்துகொண்டேனா?

மறுமொழி:
டாக் என்பது போர்வை தரும் சூட்டின் அளவு அன்று. உடம்பின் சூடு வெளியேறுவதைப் போர்வை எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு. மான்செஸ்டரின் ஷெர்லி ஆய்வுக்கூடத்தில் 1940களில் பிறந்த அலகு இது. துணியின் ஒரு சதுர மீட்டர் பரப்பின் வழியே ஒரு வாட் வெப்பம் கடக்கும்போது, இரு பக்கங்களுக்கும் இடையே 0.1 பாகை வேறுபாடு இருந்தால் அத்துணி 1 டாக். பிரிட்டனில் கோடைக்கு 4.5, குளிர்காலத்துக்கு 13.5 என்று விற்கிறார்கள். உங்கள் தேர்வில் பிழையில்லை.

ஆனால் சூட்டைத் தடுப்பது பஞ்சைவிட, அதனுள் அசையாமல் நிற்கும் காற்றுதான். ஆகவே இரண்டைச் சொல்லுங்கள்: கம்பளி டூவேக்கு மேலே இருக்கிறதா? முதுகுக்குக் கீழே என்ன விரித்திருக்கிறீர்கள்?

கேட்டவர்:
மேலேதான், ஐயா. கால்மாட்டில் இரண்டையும் சேர்த்து இறுக்கிச் செருகியும் விடுகிறார். கீழே, ஸ்பிரிங் மெத்தைமேல் மெல்லிய பருத்தி விரிப்பு மட்டுமே இருக்கிறது.

மறுமொழி:
கனத்த கம்பளி டூவேயை அமுக்கிவிடுவதால், உள்ளே நிற்க வேண்டிய காற்று குறைந்து, அட்டையில் அச்சிட்ட 13.5 கிடைக்காமல் போகிறது. அதைவிட முக்கியமானது முதுகு: டூவே மேலிருந்துதான் மூடுகிறது, ஸ்பிரிங் மெத்தைக்குள்ளோ காற்று உலவும் வெற்றிடம் இருக்கிறது. கம்பளியை எடுத்து விரிப்புக்கு அடியில் போடுங்கள்; கால்மாட்டைத் தளர்த்துங்கள்.

இன்னொருவர்:
டூவேயைச் சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தும் பாருங்கள். பஞ்சு திரண்டு ஒதுங்கிய இடம் கறுப்பாகவும், வெற்றிடம் வெளிறியும் தெரியும்.

கேட்டவர்:
இரண்டு இரவுகள் ஆயின. கம்பளி இப்போது விரிப்புக்கு அடியில் இருக்கிறது. நேற்று அம்மா ஆறு மணிவரை உறங்கினார். வெளிச்சத்தில் பார்த்தபோது டூவேயின் தலைமாட்டுத் தையல் கட்டங்கள் இரண்டு வெளிறியிருந்தன. உதறி, பஞ்சைக் கையால் பரப்பிவிட்டேன். மனமார்ந்த நன்றி.