உதவி: 9 செகண்ட் பாட்டுத் துண்டுக்கே காப்பிரைட் வந்துவிட்டது, 30 செகண்ட் வரை போடலாம்தானே?

மெட்டுப்பித்தன்
அவசரம் நண்பர்களே. என் பாட்காஸ்டின் ஏழாவது பகுதியை நேற்று இரவு ஏற்றினேன். காலையில் பார்த்தால் காப்பிரைட் அறிவிப்பு. ஒரு பாப் பாட்டிலிருந்து நான் எடுத்துப் போட்டது வெறும் 9 செகண்ட். 30 செகண்டுக்குள் இருந்தால் நியாயமான பயன்பாடு, அனுமதி வாங்க வேண்டாம் என்றுதானே விதி? இதில் எனக்குப் பைசா வருமானம் கிடையாது. கீழே விளக்கத்தில் பாடியவர் பெயர், ஆல்பம் பெயர் எல்லாம் கொடுத்து, ‘உரிமையை மீறும் எண்ணம் இல்லை’ என்றும் எழுதியிருக்கிறேன். இதற்கு மேல் என்னதான் செய்வது? எட்டாவது பகுதி நாளை வெளிவர வேண்டும். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

கேசட்காலம்
எந்தத் தளம்? எந்த நாட்டில் இருக்கிறீர்கள்? பாட்காஸ்ட் எதைப் பற்றி? அந்த 9 நொடி அதில் எதற்காக வருகிறது? இது ஒன்றையும் சொல்லாமல் சீக்கிரம் என்றால் எப்படி.

ஒலிப்பதிவறை
வந்திருப்பது கிளெய்மா, ஸ்ட்ரைக்கா? இரண்டும் ஒன்றில்லை. கிளெய்ம் பெரும்பாலும் இயந்திரம் ஒலியை ஒப்பிட்டுப் பிடிப்பது. பகுதி அங்கேயே இருக்கும், வருமானம் இருந்தால் உரிமையாளருக்குத் திரும்பும், சில நாடுகளில் மட்டும் முடங்கியிருக்கவும் கூடும். ஸ்ட்ரைக் என்றால் உரிமையாளர் தரப்பில் யாரோ முறைப்படி நீக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அது கணக்குக்கே ஆபத்து. அறிவிப்பின் வாசகத்தை அப்படியே இங்கே போடுங்கள். எத்தனையாவது நிமிடத்திலிருந்து எத்தனையாவது நிமிடம் வரை பிடித்தது என்று ஒரு வரி இருக்கும். எனக்கு அதுதான் முக்கியம்.

சுதிப்பெட்டி
இதற்குப் போய் இவ்வளவு யோசனையா? துண்டின் சுதியை அரைப்படி ஏற்றி, வேகத்தைக் கொஞ்சம் கூட்டிப் போடுங்கள். இயந்திரத்துக்கு அடையாளம் தெரியாது. நான் இரண்டு வருடமாக இப்படித்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

முதுநிலா
மேலே தேடல் பெட்டி என்று ஒன்று இருக்கிறது. அழகுக்கு வைத்ததில்லை. மாதத்துக்கு ஒருவர் இந்த 30 நொடியைத் தூக்கிக்கொண்டு வருகிறார்.

அப்படி ஒரு விதி அமெரிக்கச் சட்டத்திலும் இல்லை, இந்தியச் சட்டத்திலும் இல்லை. இந்த எண் சுற்றுவதற்கு எனக்குத் தெரிந்து இரண்டு இடங்கள் உண்டு. பாட்டு விற்கும் தளங்களில் வாங்குவதற்கு முன் 30 நொடி கேட்கலாம், ஆனால் அது ஒப்பந்தம் போட்டுப் பெற்ற அனுமதி. அப்புறம் ஆங்கில விக்கிப்பீடியா, தன் கட்டுரைகளில் சேர்க்கும் இசைத் துண்டுக்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறது: பாட்டின் நீளத்தில் 10 சதவீதம் அல்லது 30 நொடி, இதில் எது குறைவோ அது. மூன்றரை நிமிடப் பாட்டு என்றால் அங்கேயே 21 நொடிதான். அது அவர்கள் வீட்டு ஒழுங்கு, உங்களைக் காப்பாற்ற வராது.

பெயர் போட்டால் அது அனுமதி ஆகிவிடாது. ‘மீறும் எண்ணம் இல்லை’ என்று எழுதுவது, அடுத்தவர் வண்டியை ஓட்டிக்கொண்டே பின்னால் ‘எடுக்கும் எண்ணம் இல்லை’ என்று சீட்டு ஒட்டுவது போல.

சட்டைப்பை
முதுநிலா சொல்வது சரி, சொல்லும் விதம் வழக்கம்போல. புதியவர் ஓடிவிடப் போகிறார்.

அமெரிக்கச் சட்டத்தின் 107ஆம் பிரிவு நொடியை எண்ணுவதே இல்லை. நான்கு விஷயங்களைப் பார்க்கிறது. எதற்காக எடுத்தீர்கள், எடுத்த படைப்பு எப்படிப்பட்டது, எவ்வளவு எடுத்தீர்கள், அதனால் மூலப் படைப்பின் விற்பனைக்கு அடி விழுமா. இந்த ‘எவ்வளவு’ என்பதில் நீளம் பாதிதான். எடுத்தது அந்தப் படைப்பின் உயிர்நாடியா என்றும் கேட்பார்கள். 1985இல் தீர்ப்பான ஒரு வழக்கு உண்டு, பாட்டு பற்றியது இல்லை. அமெரிக்காவின் முன்னாள் அதிபர் ஃபோர்டின் நினைவுக் குறிப்புகள் அச்சாகி வரும் முன்பே ஒரு பத்திரிகை அதிலிருந்து சுமார் 300 சொற்களை எடுத்துப் போட்டுவிட்டது. முழுப் புத்தகத்தின் முன் அது தூசு. ஆனாலும் தனக்கு முன் அதிபராக இருந்த நிக்சனுக்கு ஃபோர்டு மன்னிப்புக் கொடுத்த பகுதிதான் புத்தகத்தின் இதயம் என்று சொல்லி, உச்ச நீதிமன்றம் பத்திரிகைக்கு எதிராகத் தீர்த்தது. பாப் பாட்டில் அந்த இதயம் கோரஸில்தான் இருக்கும். எனவே 9 நொடி என்றால் எனக்கு ஒன்றும் புரியாது. எந்த 9 நொடி?

இந்தியாவில் இது வேறு மாதிரி. 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் ஒரு பட்டியல் இருக்கிறது: சொந்த உபயோகம், ஆராய்ச்சி, விமர்சனம் அல்லது மதிப்புரை, நடப்புச் செய்தி, இன்னும் சில. முதலில் உங்கள் வேலை அந்தப் பட்டியலில் ஏதாவது ஒன்றுக்குள் உட்கார வேண்டும். அளவு பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான். நாட்டைச் சொல்லாதவரை அரைப் பதில்தான் கிடைக்கும்.

மெட்டுப்பித்தன்
அப்பாடா, எவ்வளவு கேள்விகள்! சரி. பாட்காஸ்ட் பாப் பாடல்களில் சுருதி மாற்றம் பற்றியது. கடைசிக் கோரஸில் திடீரென்று ஒரு படி மேலே ஏறுவார்களே, அதைத்தான் இந்தப் பகுதியில் விளக்குகிறேன். ஏறும் இடத்தை மட்டும் 9 செகண்ட் போட்டு நிறுத்திவிட்டு, அதையே கீபோர்டில் வாசித்துக் காட்டுகிறேன். வந்திருப்பது கிளெய்ம்தான், பகுதி இன்னும் இருக்கிறது. எதிர்த்து ஆட்சேபம் போடலாமா? போட்டால் ஸ்ட்ரைக் ஆகிவிடுமா?

முதுநிலா
சுருதி மாற்றத்தை விளக்கும் பகுதியில் சுருதியை மாற்றிப் போடச் சொன்ன சுதிப்பெட்டிக்கு என் வணக்கம்.

சுதிப்பெட்டி
அவர் சொன்னாரா, எனக்கு எப்படித் தெரியும்? வேகத்தையாவது கூட்டலாம்.

சட்டைப்பை
மெட்டுப்பித்தன், இதை முதல் பதிவிலேயே சொல்லியிருந்தால் பாதிப் பேச்சு மிச்சம். நீங்கள் செய்வது அந்தப் பாட்டைப் பற்றிய பேச்சு. பேச்சுக்குத் தேவையான இடத்தை மட்டும் எடுத்து, போட்டவுடன் நிறுத்தி, அதைப் பிரித்து விளக்குகிறீர்கள். அமெரிக்க அளவுகோலிலும் இது வலுவான நிலை, இந்தியச் சட்டத்தின் ‘விமர்சனம் அல்லது மதிப்புரை’க்குள்ளும் உட்காரும். உங்கள் 9 நொடியைக் கேட்டுவிட்டு, அது போதும் என்று யாரும் பாட்டை வாங்காமல் விடப் போவதில்லை.

கீபோர்டு பற்றி ஒரு வார்த்தை. ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் இருக்கின்றன. மெட்டும் வரிகளும் ஒன்று, ஸ்டூடியோவில் பதிவான ஒலி இன்னொன்று. நீங்களே வாசித்தால் இரண்டாவதைத் தொடவில்லை. முதலாவது அப்படியே இருக்கிறது. பலர் சொந்தமாக வாசித்தால் எல்லாம் தீர்ந்தது என்று நினைக்கிறார்கள், அதனால்தான் சொல்கிறேன்.

லூப்பன்
நியாயமான பயன்பாட்டை நம்பாதீர்கள். 2005இல் அமெரிக்காவின் ஆறாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் பிரிட்ஜ்போர்ட் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது, லைசென்ஸ் வாங்கு, இல்லையென்றால் சாம்பிள் எடுக்காதே, அதாவது அடுத்தவர் பதிவிலிருந்து துண்டு வெட்டி உன் பாட்டில் போடாதே என்று. ஃபங்கடெலிக் குழுவின் பாட்டிலிருந்து எடுத்தது 2 நொடி கிட்டார். சுதியை இறக்கி, லூப் போட்டு, அதாவது திருப்பித் திருப்பி ஓடவிட்டு, நீட்டியும் பயன் இல்லை. சுதிப்பெட்டி கவனிக்க.

சட்டைப்பை
பாதியில் நிறுத்திவிட்டீர்கள். அந்தத் தீர்ப்பு ‘இவ்வளவு சின்னதைப் பெரிதுபடுத்த வேண்டாம்’ என்ற வாதத்தைத்தான் மறுத்தது. நியாயமான பயன்பாடா இல்லையா என்பதைக் கீழ் நீதிமன்றத்துக்கே விட்டுவிட்டது. மேலும் 2016இல் ஒன்பதாவது வட்டார நீதிமன்றம் பிரிட்ஜ்போர்ட் வழியில் போக மறுத்துவிட்டது. மடோனாவின் ‘வோக்’ பாட்டில் இருந்த 0.23 நொடி ஹார்ன் ஒலி பற்றிய வழக்கு அது. சாதாரணக் கேட்பவர் அடையாளம் காண மாட்டார், மீறலே இல்லை என்றது. ஒரே நாட்டில் இரண்டு வட்டாரம், இரண்டு பதில்.

லூப்பன்
அதைத்தான் நானும் சொல்கிறேன். எங்கள் மாதிரி சாம்பிள் வைத்து இசை செய்கிறவர்களுக்கு நிம்மதியே இல்லை. 1991இல் ராப் பாடகர் பிஸ் மார்க்கியின் சாம்பிள் வழக்கில் ‘திருடாதே’ என்று வேதவசனத்தோடு தீர்ப்பை ஆரம்பித்தார் நீதிபதி. ஒரு கலை வடிவத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய நாள் அது.

கேசட்காலம்
கலை வடிவமா? ஒருவர் ஆறு மாதம் உட்கார்ந்து செதுக்கிய தாளத்தை இரண்டு விசைத் தட்டலில் எடுத்து அதன் மேல் பேசுவது கலையா? எழுதினவருக்குக் காசு போகட்டுமே, என்ன குறைந்துவிடும்?

லூப்பன்
நீங்கள் ஒரு சாம்பிளாவது வெட்டிப் பார்த்திருக்கிறீர்களா? எந்த இடம் என்று கண்டுபிடிக்கவே நாள் கணக்கில் ஆகும். காசு கொடுக்க மாட்டேன் என்று யார் சொன்னது? 2 நொடிக்கு இரண்டு உரிமையாளர்களைத் தேடி, இருவரும் பதில் போட்டு, இருவருக்கும் கட்டுப்படியாகிற விலை பேசி முடிக்க எந்தச் சின்ன இசைக்காரனால் முடியும்? பெரிய கம்பெனிக்காரர்களுக்கு மட்டும்தான் சாம்பிள் என்று ஆகிவிட்டது.

கேசட்காலம்
முடியாவிட்டால் சொந்தமாக வாசியுங்கள். எங்கள் காலத்தில் அப்படித்தான்.

நடுச்சாமம்
உங்கள் காலத்தில் கேசட்டிலிருந்து கேசட்டுக்குப் பதிவு செய்துகொண்டிருந்தீர்கள், ஐயா. பெயரிலேயே இருக்கிறது.

ஐரோப்பாவில் கதை இன்னொரு மாதிரி. கிராஃப்ட்வெர்க் குழுவின் 1977 பாட்டிலிருந்து எடுத்த 2 நொடித் தாளம் பற்றி ஐரோப்பிய நீதிமன்றம் 2019இல் தீர்ப்புச் சொன்னது. எவ்வளவு சின்னத் துண்டானாலும் அனுமதி வேண்டும், ஆனால் காதுக்கு அடையாளமே தெரியாதபடி மாற்றியிருந்தால் அது நகலெடுத்தலாகாது என்றது.

சுதிப்பெட்டி
பார்த்தீர்களா! அடையாளம் தெரியாதபடி மாற்றினால் தப்பில்லை. முதுநிலா எங்கே?

முதுநிலா
இங்கேதான். காதுக்கு அடையாளம் தெரியாத பாட்டை வைத்து மெட்டுப்பித்தன் எதை விளக்குவார்? உங்களுக்கு அரை மதிப்பெண், அதுவும் ஐரோப்பாவில் மட்டும்.

ஒலிப்பதிவறை
எல்லோரும் நீதிமன்றத்துக்குப் போய்விட்டீர்கள். நான் இன்னும் அந்த ஒரு வரிக்காகக் காத்திருக்கிறேன். மெட்டுப்பித்தன், எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை?

ஆட்சேபம் பற்றிக் கேட்டீர்கள். யூடியூப் என்றால், ஆட்சேபம் போட்டதும் உரிமை கோரியவருக்கு 30 நாள் அவகாசம். பேசாமல் இருந்தால் கிளெய்ம் காலாவதியாகிவிடும். அவர் மறுத்து, முறைப்படி நீக்கச் சொன்னால்தான் ஸ்ட்ரைக்குக்கு வழி. வேறு தளம் என்றால் அதன் விதியைப் படியுங்கள். ஆனால் எதை ஆட்சேபிக்கிறோம் என்று தெரியாமல் பொத்தானை அழுத்தாதீர்கள்.

மெட்டுப்பித்தன்
மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். அறிவிப்பில் 0:00 முதல் 0:38 வரை என்று இருக்கிறது. தளம் ஏதோ குழம்பியிருக்கிறது. என் 9 செகண்ட் வருவது 11ஆவது நிமிடத்தில்.

ஒலிப்பதிவறை
0:00 முதல் 0:38 வரை என்ன ஓடுகிறது?

மெட்டுப்பித்தன்
முகப்பு இசை. எல்லாப் பகுதியிலும் அதேதான்.

ஒலிப்பதிவறை
அது யார் போட்டது?

மெட்டுப்பித்தன்
நண்பர் ஒருவர் செய்து கொடுத்தார். ஒரு பழைய பாப் பாட்டின் ஆரம்பத்தில் வரும் 4 செகண்ட் கிட்டாரை லூப் போட்டு, மேலே கொஞ்சம் டிரம்ஸ். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? அதுவும் 4 செகண்ட்தானே? முதல் ஆறு பகுதிகளுக்கு ஒன்றும் வரவில்லையே.

முதுநிலா
நான் ஒன்றும் சொல்லவில்லை.

கேசட்காலம்
பாட்டின் பெயரை அறிவிப்பிலேயே போட்டிருப்பார்களே ஐயா. 11ஆவது நிமிடப் பாட்டின் பெயரா அது?

சட்டைப்பை
அப்படியானால் நாம் இவ்வளவு நேரம் பேசியது உங்கள் வழக்கே இல்லை. 11ஆவது நிமிடத்தில் வரும் 9 நொடி, நீங்கள் பேசும் பொருள். அதை எடுத்துவிட்டால் பேச்சு நொண்டும். முகப்பில் வரும் 4 நொடி அலங்காரம். அங்கே எந்தக் கிட்டார் ஓடினாலும் பாட்காஸ்ட் பாட்காஸ்ட்தான். அந்தக் கிட்டாரைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. அதுவும் 4 நொடியைத் திருப்பித் திருப்பிப் போட்டு 38 நொடி ஆக்கியிருக்கிறீர்கள், ஒவ்வொரு பகுதியிலும். வருமானம் இல்லை என்பது இங்கே பெரிதாகக் கைகொடுக்காது. இதற்கு ஆட்சேபம் போட்டு ‘விமர்சனம்’ என்று எழுதினால் நன்றாக இருக்காது.

ஒலிப்பதிவறை
முதல் ஆறில் அந்த இசை மேல் பேசிக்கொண்டே ஆரம்பித்தீர்களா? இந்த முறை இசையைத் தனியாக ஓடவிட்டீர்களா? என் ஊகம் அதுதான். குரல் மேலே இருந்தாலும் பல சமயம் பிடிக்கும், தனியாக இருந்தால் சுலபமாகப் பிடிக்கும். இத்தனை நாள் பிடிக்கவில்லை என்பதற்காக அது சரி என்று ஆகாது.

முகப்பை வெட்டிவிட்டு மறுபடி ஏற்றுங்கள். கீபோர்டு இருக்கிறது, சுருதி மாற்றம் பற்றியே தொடர் நடத்துகிறீர்கள், ஒரு சின்ன மெட்டு நீங்களே போட முடியாதா?

லூப்பன்
அந்த நண்பரின் வேலையைக் கேட்கலாமா? எந்தப் பாட்டின் கிட்டார்? 4 நொடியில் டிரம்ஸ் சேர்த்து முகப்பு ஆக்கியிருக்கிறார் என்றால் காது உள்ளவர்.

கேசட்காலம்
ஆரம்பித்துவிட்டார்.

சுதிப்பெட்டி
முகப்புக்கு மட்டும் சுதியை மாற்றிப் போடலாமே? அங்கே விளக்கம் ஒன்றும் இல்லையே.

முதுநிலா
மேலே படிக்கவும்.

மெட்டுப்பித்தன்
மூன்று நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். முகப்பை எடுத்துவிட்டு மறுபடி ஏற்றினேன், கிளெய்ம் வரவில்லை. 9 செகண்ட் அப்படியே இருக்கிறது. எட்டாவது பகுதியும் வந்துவிட்டது. எல்லோருக்கும் நன்றி.

ஒலிப்பதிவறை
நல்லது. முதல் ஆறு பகுதிகளில் முகப்பை மாற்றிவிட்டீர்களா?

ஒலிப்பதிவறை
மெட்டுப்பித்தன்?