புதுப்பிப்பு: ஓஸ் ஆட்டத்தில் தங்கத் தொப்பி விதி

1900-இல் வந்த, எல். ஃபிராங்க் பாம் எழுதிய ஓஸ் என்ற மாய நாட்டுக் கதையில், தங்கத் தொப்பிக்காரர் சிறகுக் குரங்குகளை மூன்று முறை அழைக்கலாம். அந்தக் கதையை வைத்து ஆடும் நம் மேசை ஆட்டத்தில் அதை அப்படியே விதியாக்க முன்பு சொல்லியிருந்தேன். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஆடிய குழுவிடம் அது எடுபடவில்லை: முதல் ஒரு மணி நேரத்திலேயே மூன்றும் காலி, நடந்து கடக்க வேண்டிய நாடுகளை எல்லாரும் பறந்தே தாண்டிவிட்டார்கள்.

இப்போது அழைப்புக்கு இரண்டு பகடை. கூட்டுத்தொகை 8 அல்லது மேலே என்றால் சொன்னபடி நடக்கும். 7 வரை விழுந்தால் (36-இல் 21 வாய்ப்பு) குரங்குகள் தூக்கிச் செல்பவர்களில் ஒருவரை வழியில் தவறவிடும். எங்கே? இன்னொரு பகடை: 1 கிழக்கு நீலநாடு, 2 மேற்கு மஞ்சள், 3 வடக்கு ஊதா, 4 தெற்குச் சிவப்பு, 5, 6 மரகத நகரம். பாலைவனம் தாண்டச் சொன்னால் குரங்குகள் மறுக்கும், அழைப்பும் வீண், கதையிலும் அப்படித்தான்.

கதை நாயகி டோரதியின் மந்திரக் காலணியை வெள்ளி என்றே எழுதுங்கள். மாணிக்கம் 1939 படத்தின் சரக்கு.