மறு: கைத்துப்பாக்கித் தோட்டாவைச் சுடும் கார்பைனுக்குக் கலைச்சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

கார்பைன் என்பது தோளில் அணைத்துச் சுடும், முழுநீளப் போர்த்துப்பாக்கியைவிடக் குழல் குட்டையான துப்பாக்கி. அதில் கைத்துப்பாக்கித் தோட்டாவைச் சுடும் வகைக்குக் 'கைத்துப்பாக்கி விட்டக் கார்பைன்' என்று இந்த இழையில் முன்மொழியப்பட்ட சொல்லை ஏற்கத் தயங்குகிறேன். இவ்வகைத் துப்பாக்கியைப் பிறவற்றிலிருந்து பிரித்துக் காட்டுவது குழலின் விட்டம் அன்று, அதில் இடும் தோட்டாவே. டோக்கரேவ் கைத்துப்பாக்கியின் தோட்டாவையும் ஏகே-47இன் தோட்டாவையும் 7.62 மி.மீ. என்றே குறிக்கிறோம், ஆனால் வெடிமருந்தைக் கொண்டிருக்கும் உறை முன்னதில் 25 மி.மீ. நீளம், பின்னதில் 39 மி.மீ. நீளம். இரண்டின் ஆற்றலும் பயனும் வெவ்வேறு. விட்டத்தை மட்டும் சொல்லும் பெயர் இந்த வேறுபாட்டை மறைத்துவிடும்.

அண்மையில் 9 × 19 மி.மீ. (விட்டம் 9, உறை நீளம் 19) கைத்துப்பாக்கித் தோட்டாவைச் சுடும் கார்பைன் ஒன்றைச் சுடுதளத்தில் முதன்முறையாகச் சோதித்தபோது இந்த எண்ணம் எனக்கு உறுதிப்பட்டது. எடை மிகுந்த துப்பாக்கியைத் தோளில் அணைத்துச் சிறிய தோட்டாவைச் சுடுகிறோமே, பின்னுதைப்பு பெயரளவுக்குத்தான் இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் இவ்வகையில் பெரும்பாலானவற்றில் சுடும் கணத்தில் போல்ட், அதாவது தோட்டாவின் பின்புறத்தை அடைத்து நிற்கும் இரும்புப் பகுதி, பூட்டப்பட்டிருப்பதில்லை. அதன் எடையும் சுருள்வில்லின் விறைப்பும் மட்டுமே வெடிப்பின் அழுத்தத்தை எதிர்த்து நிற்கின்றன. ஆகவே அந்தக் கனத்த இரும்பு பின்னோக்கி ஓடி முட்டும்போதெல்லாம் தோளில் தனியாக ஓர் இடி விழுகிறது. இத்தனை எளிய பொறியமைப்பு போதுமானதாக இருப்பதற்குக் காரணம் தோட்டா சிறியது என்பதுதான். போர்த்துப்பாக்கியின் தோட்டாவை இதே முறையில் சுடவேண்டுமானால், தூக்கிச் சுமக்க முடியாத அளவுக்குப் போல்ட் கனக்க வேண்டியிருக்கும். வெளியே தெறித்து விழுந்த வெற்றுறையைக் கையில் எடுத்துப் பார்த்தால், விரல் நுனிக் கணுவின் அளவுகூட இல்லை. துப்பாக்கியின் உள்ளமைப்பு முழுவதையும் தீர்மானிப்பது அதுவே.

குழல் நீண்டதால் வேகம் கூடுவதும் ஓர் அளவுக்குத்தான். கைத்துப்பாக்கியின் குறுகிய குழலிலேயே பெரும்பகுதி எரிந்துவிடும்படியான வெடிமருந்தே இத்தோட்டாவில் இருப்பதால், 16 அங்குலக் குழலில் பெரிய பாய்ச்சலை எதிர்பார்க்க இயலாது. குறி தவறாமல் சுட வாய்ப்பதே உண்மையான ஆதாயம். தோளும் கன்னமும் இரு கைகளும் சேர்ந்து துப்பாக்கியை நிலைநிறுத்துகின்றன.

ஏனைய முன்மொழிவுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 'கைக்குண்டுக் கார்பைன்' அறவே கூடாது. கைக்குண்டு என்றதும் வீசி எறியும் வெடிகுண்டுதான் எவருக்கும் நினைவுக்கு வரும். 'குறுங்குழல் துப்பாக்கி' காதுக்கு இனிமையாக இருந்தாலும், அமெரிக்கச் சட்டத்தில் 16 அங்குலத்திற்குக் குறைந்த குழலுடைய புரிகுழல் துப்பாக்கிகள் (குழலின் உட்புறம் சுருள் வரிப்பள்ளங்கள் கொண்ட, தோளில் அணைத்துச் சுடும் துப்பாக்கிகள்) தனி வகையாகவே கட்டுப்படுத்தப்படுவதால், அவ்வகைக்கென அச்சொல்லை ஒதுக்கி வைப்பதே நல்லது. தவிரவும், கைத்துப்பாக்கியோடு ஒப்பிட்டால் இதன் குழல் நீளமானது.

'கார்பைன்' என்பது நாளிதழ்கள் வழியாக நன்கு பழகிவிட்ட சொல் என்பதால் அதை மாற்ற முற்படாமல், முன்னொட்டை மட்டும் தமிழில் அமைத்துக் 'கைத்தோட்டாக் கார்பைன்' என வழங்கலாம் என்பது என் முன்மொழிவு. விசையை அழுத்திப் பிடித்தால் தொடர்ந்து சுடும் துணை இயந்திரத் துப்பாக்கியும் இதே தோட்டாவைச் சுடுவதால், அகராதிப் பதிவில் பொருள்விளக்கம் கட்டாயம் இடம்பெற வேண்டும். அதனைப் பின்வருமாறு எழுதலாம்:

கைத்தோட்டாக் கார்பைன்: கைத்துப்பாக்கிக்கென உருவான தோட்டாவை, தோளில் அணைத்து, விசையை ஒருமுறை இழுத்தால் ஒருமுறை மட்டும் சுடும் புரிகுழல் துப்பாக்கி.