ஒரே ஜிசி-எம்எஸ்ஸில் துணியும் மஞ்சளும்

கேள்வி:
திருப்பூர் பனியன் துணிக்கு அசோ சாய அமீன் சோதனை (சாயம் சிதைந்தால் வரும் நச்சு அமீன்கள்), ஈரோட்டு மஞ்சளுக்குப் பூச்சிமருந்து எச்சம். இரண்டும் ஒரே ஜிசி-எம்எஸ் மிஷினில்தான் (பொருள்களை ஆவியாக்கிப் பிரித்து, நிறையை வைத்து அடையாளம் காணும் கருவி). மஞ்சள் ஓட்டிய மறுநாள் பென்சிடின் (அந்த அமீன்களில் ஒன்று) பீக், அதாவது வரைபட முகடு, வால் நீண்டு வருகிறது. பிரிக்கிற மெல்லிய குழாயான கேப்பிலரியை மாற்றணுமா அண்ணா?

பதில் 1:
வேண்டாம் தம்பி. உள்பூச்சில் 5 சதவீத பினைல் தொகுதி உள்ள கேப்பிலரி இரண்டுக்குமே போதும். இன்ஜெக்டருக்குள் மாதிரி ஆவியாகிற கண்ணாடிக் குழாயான லைனரைக் கழற்றிப் பாருங்க. மஞ்சள் பிசின் பழுப்பாக ஒட்டியிருக்கும், அமீன் அதில்தான் சிக்குகிறது. துணிக்கென்று தனி லைனர் வையுங்க. இன்ஜெக்டர் பக்கம் ஒரு சாண் கேப்பிலரியை நறுக்கிவிடுங்க. அப்புறம் பீக் கொஞ்சம் முன்னாலேயே வரும். சிம் நேரங்களை (எந்த நேரத்தில் எந்த அயனியைப் பார்க்கணும் என்ற அமைப்பு) கட்டாயம் திருத்துங்க. பீக் தப்பினால், அமீன் 30 பிபிஎம் வரம்பைத் தாண்டிய துணியும் தேறிவிடும். குழந்தைகள் உடுத்துகிற துணிங்க.

பதில் 2:
துணியை முதலில் ஓட்டுங்க, மஞ்சள் கடைசியில். காலையில் டியூன் (கருவியைச் சரிபார்க்கும் ஓட்டம்) போட்டு 69, 219, 502 என்ற மூன்று நிறை எண்களின் பீக்குகளையும் பாருங்க. 502 சரிந்தால் அயனி உண்டாகிற சோர்ஸைக் கழுவணும்.