ஜப்பான் 'விட்சர் 3' டிஸ்க்கில் மட்டும் உள்ளாடை எதற்கு?

நிஷிகசாய்வாசி

வணக்கம் மக்களே. டோக்கியோவுல நிஷி-கசாய் பக்கம் இருக்கேன். இங்க ஒரு பழைய கேம் கடையில விட்சர் 3 கேமோட பிஎஸ்4 (சோனியோட பிளேஸ்டேஷன் 4 மெஷின்) டிஸ்க் மலிவா கிடைச்சுது, வாங்கிட்டேன். உறையில சிவப்பு 'இசட்' முத்திரை. அதாவது 18 வயசு ஆகாதவங்களுக்கு விக்கவே கூடாது. அப்போ கேம் முழுசா இருக்கும்னு நினைச்சேன். ஆரம்பத்துல வர்ற குளியல் காட்சியிலயே கதாநாயகி யென்னிஃபர் உள்ளாடையோட நிக்கிறாங்க! ஊர்ல தம்பி கம்ப்யூட்டர்ல ஆடினப்போ பக்கத்துல உக்காந்து பார்த்திருக்கேன், அதுல இப்படி இல்ல.

எனக்குக் குழப்பம் என்னன்னா, அதே கடையில மாடிக்குப் போனா திரைச்சீலைக்குப் பின்னாடி முழுக்க பெரியவங்க சமாசாரம்தான் அடுக்கி வெச்சிருக்கு. பொண்ணுங்க நீச்சலுடையில வாலிபால் ஆடற கேமை உலகத்துக்கே குடுத்த நாடு இது. போலந்துக்காரன் செஞ்ச கேம்னா மட்டும் என்ன ஆசாரம்? உள்ளூர்க்காரனுக்கு ஒரு சட்டம், வெளியாளுக்கு ஒரு சட்டமா?

டிஸ்க்கடைக்காரர்

தம்பி, சட்டம் ரெண்டு இல்ல, வாசல்தான் ரெண்டு. ரிச்சி தெருவுல வெளிநாட்டு டிஸ்க் வித்துப் பொழைக்கிறவன் நான். உறையில படத்தைப் பார்க்கிறதுக்கு முன்னாடி எந்த நாட்டு முத்திரைன்னுதான் பார்ப்பேன். நீ சொல்ற 'இசட்', செரோன்னு ஒரு அமைப்பு குடுக்கறது. 2002-ல ஆரம்பிச்சது. எல்லாரும் 'இசட்'னா எதுவும் போகலாம்னு நினைச்சுக்கறாங்க. அப்படி இல்ல. 'இசட்'லயும் காட்டக் கூடாததுன்னு தனிப் பட்டியலே வெச்சிருக்காங்க. பிறப்புறுப்பு, உடலுறவு இதெல்லாம் வெளிப்படையா இருந்தா முத்திரையே கிடைக்காது. முத்திரை இல்லாத டிஸ்க்கை சோனியோ நிண்டெண்டோவோ தங்களோட மெஷின்ல விட மாட்டாங்க. அதனாலதான் யென்னிஃபருக்குத் துணி. 2020-ல அதே கம்பெனி சைபர்பங்க் 2077 விட்டப்போவும் இதே கதைதான். மத்த ஊர்ல ஆளை உருவாக்கும்போது அந்தரங்க உறுப்பைக்கூட நீயே தேர்ந்தெடுக்கலாம். ஜப்பான் பதிப்புல அந்த வரியே கிடையாது, உள்ளாடை கழலவே கழலாது. ஜப்பான் கம்பெனியே செஞ்சாலும் அதே கணக்குதான்.

மாடியில நீ பார்த்தது கம்ப்யூட்டர் கேமா இருக்கும். அதுக்கு 1992-லேர்ந்து வேற அமைப்பு, வேற முத்திரை. அங்கயும் தண்டனைச் சட்டம் 175-வது பிரிவுக்குப் பயந்து முக்கியமான இடத்தை மொசைக் போட்டு, அதாவது கட்டம் கட்டமா மங்கலாக்கித்தான் விக்கறான். டாஸ்மாக் இருக்குன்னு கல்யாணப் பந்தியில ஊத்துவாங்களா? டிவியோட சேர்த்து நடுக்கூடத்துல ஓடற மெஷின் அவங்களுக்குப் பந்தி மாதிரி.

இதுக்கு நேர் எதிர்த் திசையிலயும் நடக்குது. ஜப்பான்லேர்ந்து அமெரிக்கா போற கேம். செனோபிளேட் குரோனிக்கிள்ஸ் எக்ஸ், 2015. ஜப்பான்ல பொண்ணு பாத்திரத்துக்கு மார்பளவை ஏத்தி இறக்கலாம், மேற்கத்திய பதிப்புல அந்த வசதியைத் தூக்கிட்டாங்க. அதுல லின்னு 13 வயசுப் பொண்ணு ஒண்ணு வருது. அதோட பிகினி உடையையும் மாத்திட்டாங்க. இதுக்கு வந்த கூப்பாடு இருக்கே! கடைக்கே வந்து புலம்பினவங்க உண்டு. லின் விஷயத்துல புலம்பினவன்கிட்ட எனக்குப் பேச ஒண்ணுமில்ல. ஆனா வளர்ந்த பாத்திரத்தோட உடம்பளவை எடுத்தது சும்மா பயம், வேற காரணம் எனக்குத் தெரியல. அடுத்த வருஷம் ஃபயர் எம்ப்ளம் ஃபேட்ஸ்ங்கற கேமோட மேற்கத்திய பதிப்புல தோழர்களோட முகத்தைத் தடவற விளையாட்டையே வெட்டிட்டாங்க. ஜப்பான் உறுப்பைப் பார்க்குது, அமெரிக்கா வயசையும் தொடுறதையும் பார்க்குது.

அமெரிக்காவுல சர்க்கார் எதையும் தடை பண்றதில்ல. 17-க்கு மேல 'எம்', 18-க்கு மேல 'ஏ.ஓ'. ஒரு வருஷ வித்தியாசம்தான். ஆனா 'ஏ.ஓ' வாங்கின கேமை வால்மார்ட் மாதிரி கடைங்க அலமாரியில வெக்காது, கேம் மெஷின் (கன்சோல்) செய்யறவனும் ஏத்துக்க மாட்டான். 2005-ல ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் கேமோட நிரலுக்குள்ள புதைச்சு வெச்சிருந்த படுக்கைக் காட்சியை ஒருத்தர் மாட் (கேமை மாத்தற சின்ன நிரல்) போட்டுத் தோண்டி எடுத்தார். உடனே 'எம்' போய் 'ஏ.ஓ' ஆச்சு, கடைங்கள்லேர்ந்து திரும்ப வாங்கிட்டாங்க. தெருவுல போறவனைச் சுட்டுத் தள்ளினப்போ அதே கேம் 'எம்'தான்!

சிம்லிம்_செல்வா

அண்ணே, எங்க சிங்கப்பூர்ல துணி பிரச்சினையே இல்லாம ஒரு தடை வந்துச்சு. 2007 நவம்பர், மாஸ் எஃபெக்ட்னு ஒரு கேம். அதுல கதாநாயகியும் வேற்றுக்கிரகத்துப் பொண்ணும் நெருக்கமா இருக்கற காட்சி இருக்கு. நீங்க ஆண் பாத்திரம் எடுத்து ஆடினாலும் அந்தக் காட்சி உண்டு, அளவும் ஏறக்குறைய அதேதான். ரெண்டு பேரும் பொண்ணுங்கறதுதான் மீடியா ஆணையத்துக்கு உறுத்திச்சு. கூட்டாளிங்க எல்லாம் ஜோகூர் போய் வாங்கலாமான்னு பேசிக்கிட்டு இருந்தோம். அதுக்குள்ள சில நாள்லயே தடையை எடுத்துட்டு எம்18 முத்திரை ஒட்டி விட்டுட்டாங்க. கேமுக்குன்னு முறையான தரப்பிரிப்பு வந்ததே 2008 ஏப்ரல்லதான்.

யாழ்_மெல்பேர்ண்

இஞ்ச அவுஸ்திரேலியாவில 2013 தை வரைக்கும் கேமுகளுக்கு 18+ எண்ட தரமே இருக்கேல்லை. 15க்கு மேல போனால் விக்க ஏலாது, அவ்வளவுதான். தரம் வந்தாப் பிறகும் கூத்துக்குக் குறைவில்லை. 2014 இல சவுத் பார்க் கேம் வந்தது, ஸ்டிக் ஒஃப் ட்ரூத். வேற்றுக்கிரகவாசிகள் பின்பக்கத்தில குழாய் விடுற காட்சியை வெட்டிப்போட்டு, அழுகிற கோலாக் கரடி ஒண்டின்ர படத்தைப் போட்டு, என்ன நடந்தது எண்டு எழுத்தில விளக்கியிருந்தவை. வாசிக்கேக்க பார்த்ததை விட மோசமாக் கிடந்தது. வெட்டச் சொன்னவைக்குக் கேம் செய்த ஆக்கள் குடுத்த பதில் அதுதான் எண்டு நினைக்கிறன்.

நிஷிகசாய்வாசி

கோலா 😂

அண்ணா, ஒரு சந்தேகம். டெவில் மே க்ரை 5 கேம்ல ட்ரிஷ்ங்கற பொண்ணு வர்ற ஒரு காட்சியில பின்புறத்தை வெளிச்சம் போட்டு மறைச்சாங்களே. அது ஜப்பான்ல இல்ல, வெளிநாட்டுலதான்னு சொன்னாங்க. மைக்ரோசாஃப்ட்டோட எக்ஸ்பாக்ஸ் மெஷின்லயும் இல்லையாம். அப்போ அது எந்த நாட்டுச் சட்டம்?

டிஸ்க்கடைக்காரர்

எந்த நாட்டுச் சட்டமும் இல்ல தம்பி. அது 2019. மேற்கத்திய பிஎஸ்4 பதிப்புல மட்டும் அந்த வெளிச்சம். அதே ஊர்ல எக்ஸ்பாக்ஸ் வாங்கினவனுக்கு மறைப்பு இல்ல. சோனியோட கேம் பிரிவு 2016-ல தலைமையகத்தைக் கலிஃபோர்னியாவுக்கு மாத்திச்சு. அதுக்கப்புறம் அவங்களே ஒரு உள் விதி வெச்சுக்கிட்டாங்க. அதுல அதிகமா மாட்டினது ஜப்பானோட சின்னக் கம்பெனிங்கதான். செரோ ஒத்துக்கிட்டாலும் சோனி ஒத்துக்காது. சென்ரான் ககுரா பர்ஸ்ட் ரீநியூவல்னு ஒரு கேம்ல பாத்திரத்தைத் தொட்டு ஆடற பகுதியை மேற்கத்திய பிஎஸ்4 பதிப்புல எடுத்துட்டு, கம்ப்யூட்டர்ல மட்டும் விட்டாங்க. அதே சமயத்துல நிண்டெண்டோ தலைவர் எங்களுக்குத் தரக் குழுவோட முடிவு போதும்னுட்டார். ஒரு காலத்துல அமெரிக்காவுல சிலைக்குக்கூடத் துணி சுத்தி வித்த கம்பெனி அது! அவங்க பழைய மெஷின்ல வந்த சூப்பர் காசில்வேனியா 4 கேமோட ஜப்பான், அமெரிக்கா ரெண்டு பதிப்பையும் போட்டுப் பாரு.

உனக்கு வேண்டியது விட்சர்தானே? பிஎஸ்4-க்கு நாட்டுப் பூட்டு கிடையாது, ஐரோப்பாவுல விக்கற டிஸ்க்கை வரவழை. ஆனா ஜப்பான் ஆன்லைன் ஸ்டோர்ல அந்தக் கேமுக்கான ரெண்டு கூடுதல் கதைங்களை வாங்கியிருந்தா அது ஐரோப்பா டிஸ்க்கோட சேராது. அதனால அந்தக் கதைங்க ரெண்டும் டிஸ்க்லயே அடங்கின முழுப் பதிப்பா பார்த்து வாங்கு. இதுவரை ஆடினதைச் சேமிச்ச சேவ் ஃபைலும் அதுல ஏறாது.

நிஷிகசாய்வாசி

சேவ் போயிடுமா? கேம்ல ஸ்கெல்லிஜ் தீவுங்க வரைக்கும் வந்துட்டேனே!

டிஸ்க்கடைக்காரர்

அப்போ இதையே முடி. ரெண்டாவது தடவை ஆடறப்போ ஐரோப்பா டிஸ்க்கைப் போட்டுக்கலாம்.