விண்டோஸ்ல பில்ட் ஆகுது, உபுண்டுல 'மாட்யூல் நாட் ஃபவுண்ட்': ஃபோல்டர் பேர்ல கேபிடல் எழுத்துதான் காரணமா?

காவேரிப்பட்டணம்
மாங்கூழ் ஆலைக்கு ரியாக்ட்ல (ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி) ஒரு சைட் பண்றேன். ரகத்துக்கு ஒரு ஃபோல்டர்: செந்தூரா, நீலம், பெங்களூரா, அல்போன்சா. செந்தூரா மட்டும் கேபிடல் எஸ்ல இருந்தது, இம்போர்ட் லைன்ல ஸ்மால் எஸ். விண்டோஸ்ல சுத்தமா பில்ட் ஆகுது, உபுண்டு சர்வர்ல விழுது. எக்ஸ்ப்ளோரர்ல பேரை மாத்தினா கிட் (கோட் மாற்றங்களைப் பதிஞ்சு வெக்கிற கருவி) கண்டுக்கவே இல்ல. கிட்ல கோர்.இக்னோர்கேஸை (பேர்ல சின்ன எழுத்து பெரிய எழுத்து வித்தியாசத்தைக் கண்டுக்காதேன்னு சொல்ற செட்டிங்) ஃபால்ஸ் ஆக்கி புஷ் பண்ணினதும் சர்வர்ல ரெண்டு செந்தூரா ஃபோல்டர் நிக்குது. எதை நீக்கறது?

ஊத்தங்கரை
அந்த ஃபால்ஸ்தான் வினை. விண்டோஸோட ஃபைல் சிஸ்டம் என்டிஎஃப்எஸ், பேரை நீங்க அடிச்சபடியே வெச்சுக்கும், ஆனா தேடும்போது சின்னது பெருசு பார்க்காது. உபுண்டு மாதிரி லினக்ஸ்ல இருக்கிற இஎக்ஸ்டி4 பார்க்கும். ஃபால்ஸ் வெச்சதும் கிட்டுக்கு ஸ்மால் செந்தூரா புது ஃபோல்டரா தெரிஞ்சுது. பழைய பேர்ல தேடினாலும் டிஸ்க்ல ஃபைல் கிடைக்கிறதால அதையும் நீக்கல. இண்டெக்ஸ்ல (கிட் வெச்சிருக்கிற ஃபைல் பட்டியல்) ரெண்டும் தங்கிடுச்சு.

முதல்ல மறுபடி ட்ரூ ஆக்குங்க. அடுத்து கிட் டிஃப் கொடுத்து, முன்னாடி 'ஹெட்:' (கடைசி கமிட்) போட்டு ரெண்டு ஃபோல்டர் பேரையும் ஒப்பிடுங்க. புதுசா சேர்த்த ஃபைல் ஸ்மால்ல மட்டும்தான் இருக்கும், அது சரி. கேபிடல்ல மட்டும் ஏதாவது இருந்தா அதை முதல்ல காப்பாத்துங்க. பிறகு கிட் ஆர்எம், கூடவே -ஆர், --கேஷ்ட், கேபிடல் எஸ் பேர். --கேஷ்ட் விட்டுட்டீங்கன்னா டிஸ்க்ல இருக்கிற ஒரே ஃபோல்டரும் போயிடும். கமிட், புஷ்.

கூட வேலை செய்யறவங்க விண்டோஸ்ல புல் பண்ணும்போது ஃபைல்கள் காணாம போகலாம். பதற வேண்டாம், கிட் ரெஸ்டோர்னு அடிச்சு, இடம் விட்டு ஒரு புள்ளி (.) போட்டா திரும்பிடும்.

இனிமே ஃபோல்டர் பேர் மாத்தணும்னா ரெண்டு படி: கிட் எம்வி-ல முதல்ல தற்காலிகப் பேர், அப்புறம் சரியான பேர். நேரா மாத்தினா 'இன்வேலிட் ஆர்க்யுமென்ட்'னு நிக்கும்.

பாலக்கோடு
மேக் வெச்சிருக்கவங்களும் இதே குழியிலதான், மேக்கோட ஃபைல் சிஸ்டம் ஏபிஎஃப்எஸ் வழக்கமா கேஸ் (எழுத்து சின்னதா பெருசா) பார்க்காது. டைப்ஸ்கிரிப்ட்ல எழுதறீங்கன்னா, இம்போர்ட் பேர்ல கேஸ் மாறினா பிழை காட்டுற ஃபோர்ஸ் கன்சிஸ்டென்ட் கேசிங் செட்டிங் 5.0லிருந்து தானாவே ஆன். பழைய பதிப்புன்னா டிஎஸ்கான்ஃபிக்ல (டைப்ஸ்கிரிப்ட் செட்டிங் ஃபைல்) போட்டுக்குங்க.

ஆனா பப்ளிக் ஃபோல்டர்ல (அப்படியே சைட்டுக்குப் போற ஃபைல்கள்) இருக்கிற படத்தை டைப்ஸ்கிரிப்டும் பிடிக்காது, பில்டும் பிடிக்காது. கேமராவிலிருந்து வர்ற ஃபைல் கேபிடல் ஜேபிஜின்னு முடியும், கோட்ல ஸ்மால்ல எழுதியிருப்போம். பில்ட் பச்சை காட்டும், லைவ்ல 404, படம் கிடைக்கலன்னு வரும்.

ஊத்தங்கரை
ரெண்டு ஃபோல்டர் சிக்கலுக்கு மட்டும் சிஐ-ல (புஷ் பண்ணினதும் தானா ஓடுற சோதனை) ஒரு லைன் உதவும். கிட் எல்எஸ்-ஃபைல்ஸ் வெளியீட்டை சார்ட் -எஃப், யூனிக் -டி -ஐ வழியா விடுங்க (டி ஸ்மால்). கேஸ்ல மட்டும் மாறுற இரட்டைப் பேர் வந்து விழும். கோட்ல தப்பா எழுதின பாதை இதுல சிக்காது, அதுக்கு லினக்ஸ்ல சைட்டை ஓட்டித்தான் பார்க்கணும்.

காவேரிப்பட்டணம்
டிஃப்ல கேபிடல்ல தனியா எதுவும் இல்ல. --கேஷ்ட் போட்டு எடுத்தாச்சு, சர்வர்ல பில்ட் ஓடுது. பேசாம ஃபோல்டருக்குத் தமிழ்லயே பேர் வெச்சா கேபிடல் தொல்லை இல்லையே?

பாலக்கோடு
கேபிடல் இல்ல, கொம்பு இருக்கே. 'கொட்டை'ன்னு வெச்சா அந்த ஒகரக் குறி யூனிகோட்ல ஒரே குறியாவும் வரும், கொம்பும் காலும் தனித்தனியாவும் வரும். பார்க்க ஒண்ணு, லினக்ஸுக்கு ரெண்டு ஃபோல்டர்.