பழைய புரோடி பிரேமில் விரிசல்: பற்றவைக்கலாமா, சுவரில் மாட்டிவிடலாமா?

நீடாமங்கலத்தான்:
வான்கூவரில் இருக்கும் அத்தான், தன் பழைய சைக்கிளின் பிரேமை மட்டும் கழற்றி எடுத்து வந்து எனக்குக் கொடுத்துவிட்டார். புரோடி கம்பெனி, ஸ்டீல். வெண்ணாற்றுப் படுகையில் ஓட்டலாம் என்று பாகங்கள் சேர்த்து வருகிறேன். சீட் குழாயும் மேல் பாரும் சேரும் இடத்தில் முடி போல ஒரு விரிசல். உள்ளூரில் "ஆர்க் (மின்பொறி வெல்டிங்) வைத்தால் பத்து நிமிஷம்" என்கிறார்கள். கனடாவில் கையால் கட்டியது என்று அத்தான் பெருமைப்படுகிறார். அப்படி என்ன விசேஷம்?

கும்பகோணம் பட்டறை:
தம்பி, ஆர்க் மட்டும் வேண்டாம். முதலில் குழாய்கள் சேரும் மூட்டைத் தடவிப் பாருங்கள். செதில் செதிலாக இருந்தால் டிக் வெல்டிங், அதாவது மின்சூட்டில் குழாயையே உருக்கி ஒட்டியது. வழுவழுவென்று வளைந்து இறங்கினால் பித்தளை வைத்து அரத்தால் தேய்த்தது. பித்தளை ஊறிய இடத்தில் ஆர்க் காட்டினால், அது உருகி எஃகுக்குள் இறங்கி அங்கேயே வெடிப்பு விடும். பித்தளை 900 டிகிரி பக்கம் உருகி ஓடிவிடும். எஃகு உருக 1,500 டிகிரி வேண்டும். அதனால்தான் மெல்லிய குழாய்க்குப் பித்தளை ஒத்துவருகிறது. நம் அப்பா காலத்து ஹெர்குலஸிலும் லக்குக்குள் (குழாய்கள் நுழையும் மூட்டு உறை) பித்தளைதான்.

விசேஷம் கேட்டீர்களே. பால் புரோடி, 1981-ல் தொடங்கிய ராக்கி மவுன்டன் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு, அப்புறம் தன் பெயரிலேயே கட்ட ஆரம்பித்தவர். மலை சைக்கிளின் மேல் பாரைப் பின்னால் தாழ்த்திக் கட்டுவதைப் பரப்பியவர்களில் முக்கியமானவர். வான்கூவருக்கு வடக்கே நார்த் ஷோர் மலையில் ஓயாத மழை, வேர் பின்னிய செங்குத்துப் பாதை. சட்டென்று காலை ஊன்றும்போது பார் இடிக்கக் கூடாது. கிறிஸ் டிகெர்ஃப் போன்றவர்களும் அந்த மலையை வைத்துத்தான் பிரேம் கட்டினார்கள். கட்டியவன் பக்கத்திலேயே இருந்தான். உடைந்தால் ஓட்டியவன் நேரே பட்டறைக்கு வந்து காட்டுவான். பெரிய கம்பெனிகளின் வேலை தைவானுக்குப் போனதும் அந்தப் பழக்கம் குறைந்தது. புரோடி பிற்பாடு பிரேசர் வேலி பல்கலைக்கழகத்தில் பிரேம் கட்டவே பாடம் எடுத்தார். நம் ஐடிஐகளில் ஒன்றாவது இப்படி யோசித்தால் தேவலை.

திருவையாற்று மிதிவண்டி:
மலையே இல்லாத ஜில்லாவில் மலை சைக்கிள்! ஆனால் தாழ்ந்த பார், வேட்டி கட்டியவனுக்கு ரொம்ப வசதி.

நீடாமங்கலத்தான்:
சிரிப்புதான் அண்ணே! தடவிப் பார்த்தேன், வழுவழுப்பு. பெயின்ட் உதிர்ந்த இடத்தில் மஞ்சள் தெரிகிறது. என்ன செய்யட்டும்?

கும்பகோணம் பட்டறை:
சீட் போஸ்ட்டைக் கழற்றி, விரிசல் முடியும் இடம் தெரியும் வரை பெயின்ட்டைச் சுரண்டுங்கள். விரிசல் பித்தளையில் மட்டும் என்றால் சுத்தம் செய்து திரும்பப் பித்தளை வைக்கலாம். குழாயிலேயே ஓடியிருந்தால் மேலே பூசி மறைப்பது ஏமாற்று வேலை. குழாயை மாற்ற வேண்டும். அதுவரை ஓட்டாதீர்கள். சனிக்கிழமை கொண்டு வாருங்கள், வெள்ளிக்கிழமைதான் கேஸ் சிலிண்டர் வருகிறது.